பழைய சோறும் கருவாடும்: எது சரியான பக்குவம்?

பழைய சோறு என்பது இரவில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலையில் உண்ணும் சோறு. கருவாடு என்பது பெரும்பாலும் உப்பிட்டு வெயிலில் காயவைத்த மீன். ஒன்று முந்தின நாளே வெந்துவிட்டது, மற்றது எப்போதோ காய்ந்துவிட்டது. காலையில் பாக்கியிருப்பது கருவாட்டைத் தணலில் வாட்டும் வேலை மட்டும்தான் என்பதால், இரண்டும் சேர்ந்த சாப்பாட்டைச் சமையல் என்று சொல்லவே பலருக்குத் தோன்றுவதில்லை. ஆனால் தண்ணீரை எப்போது ஊற்றுவது, உப்பை எப்போது போடுவது, மோர் விடலாமா கூடாதா, கருவாட்டைச் சுடுவதா பொரிப்பதா குழம்பு வைப்பதா என்று இதைச் சுற்றி நடக்கும் வழக்குகள் பிரியாணிக்கு நடக்கும் வழக்குகளைவிடக் குறைந்தவையல்ல.

எளிய சாப்பாட்டுக்குத்தான் இப்படிப் பஞ்சாயத்து அதிகம். அமெரிக்கப் பிள்ளைகள் பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போகும், வேர்க்கடலை விழுதும் பழ ஜெல்லியும் தடவிய ரொட்டியும் இந்த வகைதான். அதைப் பற்றி அச்சில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, 1901-ல் பாஸ்டன் நகரத்துச் சமையல் இதழ் ஒன்றில் ஜூலியா டேவிஸ் சான்ட்லர் எழுதியது. ஜெல்லியின் ஈரம் ரொட்டியில் இறங்காமலிருக்க இரண்டு துண்டிலும் கடலை விழுதைத் தடவ வேண்டும் என்பார் ஒரு கட்சி, ஒரு துண்டில் தடவினால் போதும் என்பார் மறு கட்சி. அங்கே கேள்வி, ஈரம் எதில் நிற்க வேண்டும் என்பது. பழையதிலும் கருவாட்டிலும் கேள்வி, உப்பு எதில் நிற்க வேண்டும் என்பது. தண்ணீர் சோற்றுக்கு, உப்பு மீனுக்கு என்று இந்தச் சாப்பாடு தன் பொறுப்புகளைப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவைக் கலைக்கிற முறை எதுவானாலும் அது தவறான முறை என்று சொல்லிவிடலாம்.

பழவேற்காடு இந்தச் சாப்பாட்டுக்கு ஏற்ற ஊர். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், ஒருபுறம் கடலும் மறுபுறம் ஏரியுமாக அமைந்த மீனவக் கிராமங்கள் அதைச் சுற்றியிருக்கின்றன. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தெற்கு முனைதான் தமிழ்நாட்டில். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் மழைக்காலத்தில் நல்ல நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன, முகத்துவாரம் வழியே கடல் நீர் ஏறுகிறது. கோடையில் மணல் முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டால் ஏரி நீர் கடலைவிட உவர்ப்பாகிவிடுவதும் உண்டு. இறால், மடவை, நண்டு என்று ஏரியில் கிடைப்பதற்குப் பச்சையாகவே நல்ல விலை. கருவாடாவது பெரும்பாலும் கடலில் கூட்டமாக அகப்படும் சிறு மீனும், ஒரே நாளில் விற்று முடிக்க இயலாத அளவுக்கு வந்துவிடும் மீனும்தான். ஊருக்கு மேற்கே பொன்னேரிப் பக்கம் நெல் விளைகிறது. சோறு மேற்கிலிருந்தும் மீன் கிழக்கிலிருந்தும் வந்து சேரும் இடம் என்று இந்த ஊரைச் சொல்லலாம்.

இருட்டோடு கடலுக்கோ ஏரிக்கோ போகிறவர்களுக்கு விடியற்காலையில் அடுப்பு மூட்ட நேரமில்லை. வெயில் ஏறும்வரை வலை இழுப்பவருக்கு வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். பழையதும் கருவாடும் திருப்பித் தருவது அதே இரண்டையும்தான், கூடவே மாவுச்சத்தையும். பேதிக்குக் கொடுக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசலில் சர்க்கரைக்குப் பதிலாக அரிசி மாவைக் காய்ச்சிக் கொடுக்கலாம் என்பதை டாக்காவில் உள்ள வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி நிலையத்தின் மருத்துவர்கள் காலரா நோயாளிகளிடம் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். சோறு ஊறிய தண்ணீரான நீராகாரத்தில் உப்புக் கல் போட்டுக் குடித்துவிட்டுப் படகேறியவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

அரிசியில் தொடங்க வேண்டும். பழையதுக்குப் புழுங்கல் அரிசியே ஏற்றது. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைப்பதால் அரிசியின் மாவு ஒருமுறை இறுகிவிடுகிறது. அதனால் இரவெல்லாம் தண்ணீரில் கிடந்தாலும் பருக்கை பருக்கையாகவே நிற்கும். பச்சரிசிச் சோறு குழைந்து கூழாகிவிடும். புழுங்கலுக்குச் சார்பாக இன்னொரு வலுவான காரணமும் உண்டு. அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த அய்க்ராய்டும் அவருடைய குழுவினரும் 1940-ல் வெளியிட்ட அரிசி பற்றிய ஆய்வு இதை விரிவாகப் பேசுகிறது. அன்றைய சென்னை மாகாணத்தில் தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரக் கடலோரத்து வட சர்க்கார் மாவட்டங்களில் அந்த வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் நிலைத்திருந்தது, புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அப்படி இல்லை. பழவேற்காடு இந்த இரண்டு அரிசி வழக்கங்களுக்கும் நடுவே, எல்லையோரத்தில் இருக்கும் ஊர். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதில் வரும் தடித்த புழுங்கல் அரிசி இட்லிக்கு ஆகும், சாப்பாட்டுக்கு ஆகாது என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. பழையதுக்கு அந்தத் தடித்த அரிசிதான் சன்ன ரகத்தைவிட நன்றாக நிற்கிறது.

சோற்றைக் குக்கரில் குழைய விடாமல் வடிக்க வேண்டும். வடித்த கஞ்சியை ஆறவைத்து, ஊறவைக்கும் தண்ணீரோடு திரும்பச் சேர்க்கும் வீடுகளும் உண்டு. தண்ணீரில் கரைந்துபோன சத்தில் ஒரு பங்கு அப்படித் திரும்பிவிடும், புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கும் தீனியாகும். ஆனால் நீராகாரம் தெளிவாக இருக்காது, வழவழப்பாகிவிடும். இதைக் குற்றமாகச் சொல்கிறவர்கள் நாக்கின் கட்சி, குணமாகச் சொல்கிறவர்கள் வயிற்றின் கட்சி. இரண்டுமே செல்லும்.

உண்மையான பக்குவம் இரவில்தான் நடக்கிறது. சூடான சோற்றில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் சொல்லப்படும் விதி. சூட்டோடு ஊற்றினால் சோறு மேலும் வெந்து குழையும், புளிக்கவைக்கும் நல்ல நுண்ணுயிர்களும் அந்தச் சூட்டில் பெருகாது. ஆனால் ஆறட்டும் என்று மூடிவைத்துவிட்டு மறந்துபோவதும் தவறு. அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பான ஈரச் சோற்றில் அவை முளைத்துப் பெருகும். அவை உண்டாக்கும் வாந்தி நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. எனவே சோற்றைத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு, பருக்கைக்கு மேலே இரண்டு விரல் கட்டை நிற்கும் அளவு தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். தண்ணீருக்குள் முங்கிய சோற்றில் காற்று குறைகிறது. லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பை ஏற்றுகின்றன, அந்தப் புளிப்பு கெட்ட நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. தண்ணீர் போதாமல் மேலே துருத்திக்கொண்டிருக்கும் பருக்கைகள்தான் முதலில் நூல்விடும்.

கோடையில் எட்டு மணி நேரம் போதும். மார்கழியில் பன்னிரண்டு மணி நேரமும் ஆகலாம். மண்சட்டி சிறந்தது என்பதற்கு மண்வாசனை பற்றிய கவிதைகளெல்லாம் தேவையில்லை. சட்டியின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகிச் சோற்றைக் குளிர்விக்கிறது, அதே துளைகளில் தங்கும் முந்தைய நாள் புளிப்பு இன்றைய சோற்றுக்கு உறையாகிறது. எவர்சில்வர் பாத்திரம் குளிர்விக்காது, கெடுக்கவும் செய்யாது. அலுமினியப் பாத்திரத்தை மட்டும் தவிர்க்க வேண்டும், புளிப்பு அந்த உலோகத்தை அரிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த தண்ணீர்ச் சோறு பழைய சோறே அல்ல. அங்கே புளிப்பதில்லை, சில்லிடுவது மட்டும்தான். தண்ணீரும் பார்த்து ஊற்ற வேண்டியதுதான். கடலோரக் கிராமங்களில் நிலத்தடி நீர் உவர்த்துப் போயிருக்கும் இடங்களில் குடிக்கிற தண்ணீரையே இதற்கும் செலவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு காலையில் வரவேண்டிய வழியில் வராமல் இரவிலேயே சட்டிக்குள் புகுந்துவிடும்.

உப்பு போடும் நேரத்தில்தான் பெரிய கருத்து வேறுபாடு. இரவிலேயே போட்டால் சோற்றில் உப்பு ஊறும் என்பது ஒரு பழக்கம். ஆனால் உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும். அதோடு மறுநாள் காலை கருவாட்டின் கரிப்பு எவ்வளவு என்று தெரியுமுன்பே சோற்றின் உப்பை முடிவுசெய்துவிட்டதாகவும் ஆகும். சுட்ட கருவாடு தொடுகறியாக வரும் நாளில் சோற்றுக்கு உப்பே வேண்டாம். மாங்காயோ வெங்காயமோ மட்டும் தொட்டுக்கொள்ளும் நாளில், பிசையும்போது ஒரு கல் போட்டால் போதும்.

பழைய சோற்றின் சத்து பற்றி ஒரு கணக்கு ஊரெங்கும் சுற்றுகிறது: 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இருந்த இரும்புச்சத்து இரவு ஊறியதும் 73.91 மில்லிகிராம் ஆகிவிடுகிறதாம். நுண்ணுயிர் எதுவும் இரும்பை உண்டாக்காது. சட்டியில் இல்லாத இரும்பு காலையில் சோற்றில் வந்திருக்காது. புளிப்பேறும்போது, அரிசியில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் என்னும் பொருள் சிதைகிறது, அதனால் உள்ள இரும்பை உடல் எளிதாக எடுத்துக்கொள்கிறது. அதுவே நல்ல செய்திதான், இருபது மடங்கு என்று ஊதிப்பெருக்க வேண்டியதில்லை. ஆறிய சோற்றில் ஒரு பகுதி மாவு சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறிப் பெருங்குடலின் நுண்ணுயிர்களுக்கு உணவாவதும் உண்மை. குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எந்த அளவு உதவும் என்பதை ஆராய, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மருத்துவர்கள் 2021 வாக்கில் அரசு நிதியோடு ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஏழை வீட்டுக் காலைச் சாப்பாடு மருத்துவமனைக்கு ஏறியதும், நட்சத்திர விடுதிகளின் மண்சட்டிகளில் ஏறியதும் ஏறக்குறைய ஒரே காலம்.

இனிக் கருவாடு. நெய்தல் திணைப் பாட்டுகளில், காயும் மீனைக் கொத்த வரும் பறவைகளை ஓட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருக்கும் பரதவர் மகள் திரும்பத் திரும்ப வருகிறாள். வேலை அன்று எப்படியோ இன்றும் ஏறக்குறைய அப்படியே, இன்றும் அது பெண்களின் வேலை. நெத்திலி, காரப்பொடி போன்ற சிறு மீன்களை உப்பில்லாமலோ லேசான உப்பிலோ அப்படியே உலர்த்தலாம், வெயில் போதும். வாளை நீளவாக்கில் தொங்கிக் காயும். சுறா, வஞ்சிரம் போன்ற பெரிய மீன்களைக் கீறி, குடலை எடுத்து, மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்ற கணக்கில் அடுக்கி, நீர் விட்ட பிறகு காயப்போட வேண்டும். கையளவே போதுமான சென்னாகூனி, நுண்ணிய இறால் வகையின் காய்ந்த வடிவம். இதைப் பழையதோடு தொட்டுக்கொள்ள, வெறும் சட்டியில் வறுத்து மிளகாயோடு இடித்து வைப்பதுண்டு.

மீனை வெறும் மணலில் பரப்புவது பழைய வழக்கம். பல்லில் நறநறவென்று கடிபடும் கருவாடு அதன் விளைவு. மணல் ஈரத்தை அடியில் தேக்குகிறது, ஈ முட்டையிட இடமும் கொடுக்கிறது. வலையை விரித்துக் கட்டிய பரண்மேல் காயவைத்தால் காற்று இரண்டு பக்கமும் பாயும், மீன் சீக்கிரம் காயும், மணல் ஒட்டாது. விலையும் கூடுதலாகவே கிடைக்கும். கருவாட்டின் மேல் இளஞ்சிவப்பு படர்ந்திருந்தால், உப்பளத்து உப்போடு வரும் உப்பு விரும்பி நுண்ணுயிர் பற்றிக்கொண்டது என்று பொருள், வாங்க வேண்டாம். ஒடித்தால் வளையாமல் முறிய வேண்டும் என்பது நெத்திலிக்கு நல்ல சோதனை. பெரிய மீனுக்கு அது பொருந்தாது, சதை கொஞ்சம் வளையத்தான் செய்யும். அதற்கு முள்ளோரம் முகர்ந்து பார்க்க வேண்டும். கருவாட்டு மணம் வேறு, அழுகல் வாடை வேறு, இரண்டையும் பிரித்தறிய மூக்குக்குக் கொஞ்சம் பழக்கம் தேவை.

எப்போது வாங்குவது என்பதும் பக்குவத்தில் சேர்ந்ததே. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தமிழ்நாட்டில் 2017-க்கு முன் அது 45 நாளாக இருந்தது. தடைக்காலத்தில் பச்சை மீன் விலை ஏற, கருவாடு கைகொடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும், மீன் குறையும், கிடைத்தாலும் காயவைக்க வெயிலிருக்காது. அதனால் பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்த கருவாட்டை வாங்கிக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு வைப்பதே சரி, மழை மாதங்களில் புதிதாகக் காய்ந்ததாகச் சொல்லி வருவதைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

காலைக்கு வந்தால், சுடுவது, பொரிப்பது, குழம்பு என்று மூன்று வழி. கருவாட்டின் தலையைக் கிள்ளி, மணல் போக வெந்நீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து, விறகுத் தணலில் இருபுறமும் வாட்டுவது மிகப் பழைய வழி, பழையதுக்கு மிகப் பொருத்தமான வழியும் அதுவே. எண்ணெய் இல்லாததால் நீராகாரத்தின் மேல் படலம் மிதப்பதில்லை. வாட்டிய கருவாட்டைப் பிய்த்து ஒரு நுனி, சோறு ஒரு வாய் என்று மாற்றி மாற்றி உண்ண வேண்டும். பிய்த்ததையெல்லாம் சோற்றில் போட்டுப் பிசைந்தால் முழுச் சட்டியும் ஒரே கரிப்பாகிவிடும். காஸ் அடுப்பில் கம்பி வலைமேல் சுடலாம் என்றாலும், கருவாட்டு வாடையில் தீப்பிடித்தது போல் பதறும் வாடகை வீட்டுக்காரர்கள் உள்ள நகரத்தில் பொரிப்பதே வசதி. அப்போதும் எண்ணெய் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம், மிளகாய்த்தூள் போதும், உப்பு கூடவே கூடாது.

கருவாட்டுக் குழம்பு தனிக் கலை. கத்திரிக்காய், முருங்கைக்காய், மாங்காய், மொச்சை என்று எதைப் போட்டாலும், கருவாடு கொதித்துத் தன் உப்பை விட்ட பிறகுதான் குழம்புக்கு உப்புப் பார்க்க வேண்டும். கத்திரிக்காய் வெறும் துணைக்காய் அல்ல, உப்பை வாங்கிக்கொண்டு தணிக்கும் வேலையையும் செய்கிறது. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது கேழ்வரகுக் கூழுக்கு இந்தக் குழம்புதான் இணை. பழையதுக்கு, அன்று காலை வைத்த குழம்பைவிட முந்தின இரவு வைத்துச் சுண்டவைத்ததே சேர்கிறது. சுடச்சுட ஊற்றினால் குளிர்ந்த சோற்றின் குணம் போய்விடும்.

மோர் பற்றிய வழக்குதான் தீராத வழக்கு. வெறும் பழையதில் மோர் விட்டுக் கரைப்பது தமிழ்நாடு முழுவதும் உண்டு. ஆனால் மீனும் பாலும், மீனும் தயிரும் சேரக் கூடாது, சேர்ந்தால் உடம்பில் வெண்படை வரும் என்ற நம்பிக்கை வலுவாக இருக்கும் வீட்டில், கருவாடு இருக்கும் தட்டில் மோர் நுழையாது. வெண்படை என்பது தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழிப்பதால் வருவது, சாப்பாட்டுச் சேர்க்கையால் வருவதல்ல. தயிரில் மீனைச் சமைக்கும் வங்காளிகள் அதைத் தலைமுறை தலைமுறையாக உண்டு வருகிறார்கள். எனவே மோர் விட்டால் நோய் வரும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆனால் விடாமலிருப்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது: பழையது தானே புளித்தது, அதன் மேல் மோர்ப் புளிப்பையும் ஏற்றினால் கருவாட்டின் சுவை மங்குகிறது. நோய் பயத்துக்காகச் சொன்ன விதி, நாக்குக்காகப் பின்பற்றத்தக்கதாக இருக்கிறது.

வெங்காயத்தில் வாதமில்லை. உரித்த சின்ன வெங்காயம் ஐந்தாறு, ஒரு பச்சை மிளகாய், அவ்வளவுதான். பெரிய வெங்காயம் நறுக்கிய கொஞ்ச நேரத்திலேயே நீர் விட்டுத் துவண்டுவிடும். சின்ன வெங்காயத்தை முழுசாகக் கடிப்பதால் காரம் வாயிலேயே வெடிக்கிறது. ஊறுகாய் சேர்ப்பவர்கள் உப்பின் மேல் உப்பை அடுக்குகிறார்கள்.

இந்தச் சேர்க்கை நாக்கைத் தாண்டியும் சரியாகவே அமைந்திருக்கிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, மீனில் அது தாராளம். கைப்பிடி நெத்திலியை முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். அமெரிக்க ரொட்டி இந்த இடத்தில் கொஞ்சம் தோற்கிறது. கோதுமையில் குறைவான அதே லைசினை, வேர்க்கடலையாலும் முழுசாக ஈடுகட்ட முடிவதில்லை.

கிழக்கிந்தியா முழுவதும் இந்தச் சாப்பாட்டுக்கு உறவினர்கள் இருக்கிறார்கள். ஆந்திரத்துச் சத்தன்னம், ஒடிசாவின் பகாளா, வங்காளத்துப் பாந்தா பாத், அசாமின் பொயிட்டா பாத், எல்லாம் நீரில் ஊறிய சோறுதான். ஒடிசாவில் மார்ச் 20-ஐப் பகாளா நாளாகக் கொண்டாடுகிறார்கள். வங்காளத்தில் அதற்குத் துணை பொரித்த மீனும் உலர் மீனும். 2021-ல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிச் சமையல் போட்டியின் இறுதிச் சுற்றில் கிஷ்வர் சௌத்ரி பாந்தா பாத்தைப் பரிமாறினார். இதைப் பார்த்து டாக்காவிலும் கொல்கத்தாவிலும் பெருமைப்பட்டவர்களுக்குக் குறைவில்லை. கடலைத் தாண்டினால், டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய காலத்தில் அவர்கள் கப்பல்களில் கிடந்ததும் உலர் மீனும் காய்ந்த ரொட்டியும்தான். அவர்கள் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து மெல்ல வேண்டியிருந்தது. கரையில் சோறு ஏற்கெனவே நனைந்தே இருந்தது.

யாருக்கு இது ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். உலக நல அமைப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. உப்பிட்ட கருவாட்டில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே உப்பு இருக்கும். கடலில் வியர்த்து வருபவருக்குப் பொருந்துகிற அளவு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பொருந்தாது. இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் கருவாட்டை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிடலாம். கொட்டிய பின்னும் மிச்சமிருக்கும் உப்பு குறைவல்ல, நெத்திலி போன்ற உப்பிடாத வகையை எடுத்துக்கொள்வதே அவர்களுக்கு நல்லது. சோறு நூல்விட்டாலோ, புளிப்பைத் தாண்டிய நாற்றம் வந்தாலோ, கைப்பிடி உப்பும் கொதியும் அதைக் காப்பாற்றாது, கொட்டிவிட வேண்டும்.

சாப்பிட்டு முடிக்கும்போது சட்டியின் அடியில் நீராகாரம் மிஞ்ச வேண்டும். அதைச் சோற்றோடு சேர்த்துக் காலி செய்யாமல், கடைசிக் கருவாட்டு நுனி போன பிறகு தனியே குடிப்பதே முறை. கருவாட்டின் கரிப்பை அது கழுவிவிடும். சட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் தேங்காய் நாரால் வெறும் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தால், இரவு அடுத்த சோற்றுக்கு உறை தயாராக இருக்கும்.